மழை வருவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு
பேரிடர் மேலாண்மைப் படிப்பு ஒரு மலைப்பள்ளிக்குக் கற்றுத்தந்தவை

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளில் ஒன்று பெரக்கரை நாடு. அங்குள்ள ஓர் இரண்டாசிரியர் தொடக்கப் பள்ளியில் நான் பணியாற்றி வருகிறேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேடு வந்து, அங்கிருந்து கிளைச் சாலையில் பயணித்து இந்தப் பகுதிக்கு வர வேண்டும். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள். சிலர் ஓடையைக் கடந்து வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதப் பிற்பகல். மதியத்திலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. 'மழை வலுக்கும் முன் பிள்ளைகள் வீடு போய்ச் சேரட்டும்' என்று எண்ணி, 4.10க்கு விட வேண்டிய பள்ளியை 3 மணிக்கே விட்டுவிட்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் வீடுள்ள மூன்று குழந்தைகளும் மற்றவர்களோடு புறப்பட்டுப் போனார்கள்.

பள்ளியில் தூறல்தான். ஆனால் மேலே, ஓடை பிறக்கும் இடத்தில் ஒரு மணி நேரமாகக் கனமழை பெய்திருக்கிறது. குழந்தைகள் ஓடைக்கரையை அடைந்த நேரமும் மேலிருந்து வெள்ளம் வந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. மூவரில் பெரியவன் நான்காம் வகுப்பு மாணவன். தண்ணீரில் கால் வைக்கப் போனவனைப் பக்கத்துக் கொல்லையில் இருந்த ஒரு பாட்டி அதட்டி நிறுத்தி, மூவரையும் தன் குடிசையில் உட்கார வைத்திருக்கிறார். இரவு 8 மணிக்கு மேல்தான் ஓடையில் நீர் வடிந்து, ஒரு குழந்தையின் தந்தை வந்து அழைத்துப் போனார்.

மறுநாள் காலை அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனேன். "ஆயா, நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?" என்றேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "வாத்தியாரே, தண்ணி செவந்து வந்தா மேல மண்ணு கரையுதுன்னு அர்த்தம். அப்ப யாரும் எறங்கக் கூடாது. இது எங்க பிள்ளைங்களுக்குத் தெரியும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னைப் பேரிடர் மேலாண்மை படிக்க அனுப்பியது.

பல்கலைக்கழகத்தில் என்ன படித்தேன்?

நம் நாட்டில் பேரிடர் மேலாண்மை இன்று தனியொரு பல்கலைக்கழகப் பாடம். மும்பையில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதில் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை தொலைநிலையில் சான்றிதழ், பட்டயப் படிப்புகளை நடத்தியுள்ளன. பணியில் இருந்துகொண்டே படிக்க வேண்டியிருந்ததால் நானும் தொலைநிலைப் பட்டயப் படிப்பில்தான் சேர்ந்தேன். ஓராண்டில் முடிக்கக்கூடிய படிப்பை முடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒவ்வொரு சொல்லையும் என் மாணவர்களுக்குப் புரியும் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே படித்தேன். அந்த நோட்டு இன்று என் வகுப்பில் பயன்படுகிறது.

முதல் மாதத்திலேயே என் எண்ணம் ஒன்று உடைந்தது. 'பேரிடர்' என்றால் புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்றே நான் பாடம் நடத்தி வந்தேன். பாடநூலிலேயே இடர் வேறு, பேரிடர் வேறு என்று இருக்கிறது. அந்த வேறுபாட்டை நான் ஒரு மதிப்பெண் வினாவாகக் கடந்து போயிருந்தேன். அதை இந்தச் சிறு வாய்பாட்டில் புரிந்துகொள்ளலாம்:

ஆபத்து = இடர் × பாதிப்புக்குள்ளாகும் நிலை ÷ எதிர்கொள்ளும் திறன்

மலையில் பெய்யும் கனமழை ஓர் இடர். அதை நாம் நிறுத்த முடியாது. பாலமில்லாத ஓடை, தனியே நடக்கும் எட்டு வயதுக் குழந்தை, நிலைமை தெரியாத ஆசிரியர் ஆகிய மூன்றும் பாதிப்புக்குள்ளாகும் நிலை. செந்நீரின் பொருள் தெரிந்த ஒரு பாட்டி, அவருடைய குடிசை ஆகியவை எதிர்கொள்ளும் திறன். அன்று மழையை விட என் முடிவுதான் குழந்தைகளின் ஆபத்தைக் கூட்டியது. அந்தப் பாட்டி அதைக் குறைத்தார்.

இந்த வாய்பாட்டைக் கொண்டு நாம் அறிந்த நிகழ்வுகளை மீண்டும் பார்க்கலாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் நேர்ந்த தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். தீ என்பது இடர். எளிதில் பற்றும் கீற்றுக் கூரையும் குறுகலான வழியும் அதைப் பேரிடர் ஆக்கின. அந்த நிகழ்வை ஒட்டித் தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறுவது குழந்தையின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதே 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2016இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது.

எங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு திட்டம் கோப்பில் இருந்தது. அதைப் பிரித்துப் படித்தேன். நிலநடுக்கம், தீ, புயல் எல்லாம் இருந்தன. ஓடை இல்லை.

ஐம்பது நிமிடங்கள்

படிப்பில் என்னை மிகவும் பாதித்தவை ஜப்பானைச் சேர்ந்த இரண்டு நிகழ்வுகள். இரண்டும் 2011 மார்ச் 11 அன்று ஒரே நிலநடுக்கத்தில், ஒரே சுனாமியில் நடந்தவை.

இஷினோமாகி நகரில், கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே, ஆற்றங்கரையில் இருந்தது ஒகாவா தொடக்கப் பள்ளி. பிற்பகல் 2.46க்கு நிலம் நடுங்கியது. ஆசிரியர்கள் குழந்தைகளை ஒழுங்காக மைதானத்துக்கு அழைத்து வந்து வரிசையில் நிறுத்தினார்கள். அதுவரை எல்லாம் சரி. அடுத்து எங்கே போவது என்பதில்தான் தடுமாற்றம். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. ஏறலாமா, வேறிடம் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்ததில் ஏறத்தாழ 50 நிமிடங்கள் கழிந்தன. பிறகு சுனாமி ஆற்று வழியாக ஏறி வந்தது. அப்பள்ளியின் 108 மாணவர்களில் 74 பேரும், ஆசிரியர்கள் 10 பேரும் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர். பெற்றோர் தொடுத்த வழக்கு 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதை முன்கூட்டியே தெளிவாகத் திட்டத்தில் எழுதாதது பள்ளியின், நிர்வாகத்தின் தவறு என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பு அத்துடன் உறுதியானது.

அந்த ஆசிரியர்கள் அக்கறை அற்றவர்கள் இல்லை. குழந்தைகளோடு நின்று உயிர்விட்டவர்கள். நெருக்கடி வந்த பிறகு முடிவெடுக்க வேண்டிய நிலையில் அவர்கள் விடப்பட்டிருந்தார்கள்.

அதே கடற்கரையில் உள்ள கமாய்ஷி நகரில் நடந்தது வேறு. அங்கே பேராசிரியர் தோஷிதகா கதாதா பல ஆண்டுகள் பள்ளிகளோடு சேர்ந்து உழைத்திருந்தார். அவர் குழந்தைகளுக்குச் சொன்னவை மூன்று: வரைபடத்தில் உள்ளதோடு ஆபத்து நின்றுவிடும் என்று நம்பாதே, அந்தச் சூழலில் முடிந்த அளவு முயற்சி செய், மற்றவர்களுக்காகக் காத்திராமல் முதலில் நீ கிளம்பு. அன்று நடுநிலைப் பள்ளி மாணவர்கள் யாரும் சொல்வதற்கு முன்பே மேட்டை நோக்கி ஓடினார்கள். அவர்களைப் பார்த்து அருகிலிருந்த தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் கிளம்பினார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று கண்டு, இன்னும் மேலே ஏறினார்கள். அன்று பள்ளிப் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ 3,000 குழந்தைகள் உயிர் தப்பினார்கள்.

இந்த இரண்டையும் படித்த இரவு என் 3 மணி முடிவை நினைத்துக்கொண்டேன். நானும் மழை வந்த பிறகுதான் முடிவெடுத்தேன். வானத்தைப் பார்த்து முடிவெடுத்தேன், ஓடையைப் பார்க்கவில்லை.

மாணவர்கள் வரைந்த வரைபடம்

படிப்பின் ஒரு பகுதியாக, நமக்குத் தெரிந்த ஓர் இடத்தின் பாதிப்புக்குள்ளாகும் நிலையை ஆராய்ந்து எழுத வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியையே எடுத்துக்கொண்டேன். அதை மாணவர்களோடு சேர்ந்து செய்ததால் அது பாடமாகவும் மாறியது. எந்தப் பள்ளியிலும் செய்யக்கூடியது என்பதால் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் நாள், நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னேன். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்பு, பயம் வந்தால் போய் நிற்கும் இடத்தில் பச்சை. நான் ஓடையில் மட்டும் சிவப்பை எதிர்பார்த்தேன். சாய்ந்த பலா மரம், தேன்கூடு உள்ள பாறை, மழையில் மண் சரியும் சாலை வெட்டு, அறுந்து தொங்கும் கம்பி என்று பதினொரு சிவப்புப் புள்ளிகள் வந்தன. பச்சைப் புள்ளிகளில் பல குழந்தைகள் வரைந்திருந்தது அந்தப் பாட்டியின் குடிசை.

இரண்டாம் நாள், எல்லாப் படங்களையும் ஒரே சார்ட்டில் சேர்த்தோம். பள்ளி வளாகத்தைச் சேர்க்கும்போது ஒரு மாணவி, "சார், பிரேயருக்கு நிக்கிற இடத்துக்கு மேலதானே அந்த மண்மேடு இருக்கு?" என்று கேட்டாள். கோப்பிலிருந்த திட்டத்தில் அவசர காலத்தில் கூடும் இடம் என்று குறிக்கப்பட்டிருந்ததும் அதே இடம்தான். நிலநடுக்கத்துக்கு அது சரி. மழைக்கு அது சரியில்லை. எந்த இடருக்கு எந்த இடம் என்று இரண்டாகப் பிரித்து எழுதினோம்.

மூன்றாம் நாள், வீட்டுப்பாடமாகப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன்: இதுவரை எங்கே மண் சரிந்தது? அதற்கு முன் என்ன தெரிந்தது? கிடைத்த விடைகளும் என் பாடப்புத்தகத்தில் இருந்த அறிகுறிகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. தரையிலோ சுவரிலோ புதிய விரிசல். மரமும் கம்பமும் திடீரெனச் சாய்தல். ஊற்றுநீர் கலங்கி வருதல். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் நீர் குறைந்துபோதல். கடைசியானது மிக முக்கியம். மேலே மண்ணோ மரமோ விழுந்து நீரை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிடும். தண்ணீர் குறைந்துவிட்டது என்று அப்போது இறங்கிவிடக் கூடாது.

பெரியவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். சாமை, ராகி போட்ட சரிவுகளில் இப்போது மரவள்ளி போடுகிறோம். கிழங்கு பிடுங்கும்போது மண் கிளறப்பட்டு, மழையில் சீக்கிரம் கரைகிறது என்றார்கள். நிலப் பயன்பாடு மாறினால் ஆபத்தும் மாறும் என்று பல்கலைக்கழகப் பாடம் பல பக்கங்களில் சொன்னதை ஐந்தாம் வகுப்பு மாணவன் இரண்டு வரியில் எழுதி வந்திருந்தான். வாழ்வாதாரத்துக்காக மக்கள் செய்வதைக் குறை சொல்லும் பாடமாக இது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சரிவுக்குக் குறுக்காக வரப்பு கட்டுவது, ஓரத்தில் புல் விடுவது போன்று முன்பு செய்தவற்றைப் பேசினோம்.

மழையை அளந்தோம்

கணக்குப் பாடத்துக்கும் வேலை கிடைத்தது. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30க்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தோம். அதுவே மில்லிமீட்டரில் மழையளவு. வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை என்றும், 115.6க்கு மேல் மிகக் கனமழை என்றும், 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை என்றும் வகைப்படுத்துகிறது. செய்தியில் கேட்கும் இந்தச் சொற்களுக்கு டப்பாவில் எவ்வளவு உயரம் என்று மாணவர்கள் பென்சிலால் கோடிட்டார்கள்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அப்படியானால் 100 மில்லிமீட்டர் மழையில் ஓர் ஏக்கரில் விழும் நீர் 4 லட்சம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 33 லாரிக்கும் அதிகம். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. மேலே எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று ஒருவன் கேட்டான். ஓடை ஏன் திடீரென வருகிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எழுதி வைத்த முடிவு

இவற்றையெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். தலைமையாசிரியர், பெற்றோர், ஊர்க்கவுண்டர், சத்துணவு சமையலர் எல்லோரும் இருந்தார்கள். பேசி முடிவெடுத்தவை நான்கு.

ஒன்று: ஓடையில் உள்ள பெரிய பாறையில் ஒரு வெள்ளைக் கோடு. நீர் அதைத் தொட்டாலோ, நிறம் சிவந்தாலோ அந்தப் பக்கக் குழந்தைகள் கடக்கக் கூடாது.

இரண்டு: மழை பெய்யும்போது பள்ளியை முன்கூட்டி விடுவதில்லை. அந்தப் பக்கக் குழந்தைகள் பள்ளியிலேயே இருப்பார்கள். ஓர் ஆசிரியர் உடன் இருப்பார். இருட்டினால் இந்தப் பக்கம் எந்தக் குழந்தை எந்த வீட்டில் தங்கும் என்பது பெயரோடு எழுதப்பட்டது.

மூன்று: காலையில் ஓடையைக் கடந்து வரும் சமையலர் அக்கா நீரின் நிலையைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்வார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அன்று வராத குழந்தையை ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை.

நான்கு: ஒவ்வொரு ஜூன் மாதமும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் மாதமும் இந்தத் தாளை எடுத்துப் படித்துத் திருத்த வேண்டும். ஒரு படி பள்ளிச் சுவரில், ஒரு படி மேலாண்மைக் குழுத் தலைவரிடம். ஆசிரியர் மாறுதலில் போனாலும் முடிவு ஊரில் இருக்க வேண்டும்.

ஒத்திகையும் நடத்தினோம். முதல் ஒத்திகையில் எல்லோரும் வெளியே வர 7 நிமிடங்கள் ஆயின. பையை எடுத்தார்கள், செருப்பைத் தேடினார்கள், உயரவாரியாக வரிசை நின்றார்கள். நாம் கற்றுத்தந்த ஒழுங்குதான்! பையும் செருப்பும் வேண்டாம், ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறியவரின் கையைப் பிடிக்க வேண்டும் என்று மாற்றினோம். மூன்றாம் ஒத்திகையில் 2 நிமிடங்களுக்குள் வந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் பிற்பகல் ஓடை மீண்டும் சிவந்து வந்தது. நான் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் இருந்த தாளைப் பார்த்து, மூன்று வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பக்கக் குழந்தைகள் சத்துணவுக் கூடத்தில் சூடாகச் சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். மாலை 6.30க்குப் பாறைக் கோட்டுக்குக் கீழே நீர் இறங்கியதைப் பார்த்துவிட்டு, பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. பேரிடர் மேலாண்மையில் வெற்றி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இருக்காது.

2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோரை இழந்தோம். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தன. வெள்ளார்மலை அரசுப் பள்ளியின் மாணவர்கள் பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். வெள்ளைக் கோடும் ஒத்திகையும் இத்தகைய பெரும் சரிவுகளைத் தடுத்துவிடாது. பாலம், தடுப்புச்சுவர், மலைச்சரிவு பற்றிய முறையான ஆய்வு ஆகியவை அரசும் வல்லுநர்களும் செய்ய வேண்டியவை. அவற்றைக் கேட்டு நாங்களும் எழுதியிருக்கிறோம். ஆனால் அவை வரும்வரை குழந்தைகள் தினமும் நடந்து வருகிறார்கள்.

உங்கள் பள்ளிக்கு ஓடைக்குப் பதில் நெடுஞ்சாலை இருக்கலாம். ஏரி, ரயில் பாதை, பட்டாசு ஆலை, பழைய கட்டடம் இருக்கலாம். கோப்பில் உள்ள திட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது அதில் இருக்கிறதா?

வகுப்பறைக்கான செயல்பாடுகள்

1, 2, 3 வகுப்புகள்: பெற்றோரின் பெயர், ஊர், ஒரு தொலைபேசி எண்ணைப் பாடலாகச் சொல்லப் பழக்குதல். 'பயம் வந்தால் போகும் வீடு' படம் வரைதல்.

4, 5 வகுப்புகள்: வீட்டிலிருந்து பள்ளி வரை சிவப்பு, பச்சைப் புள்ளி வரைபடம். டப்பா மழைமானி. பெரியவர்களிடம் கேட்டறிதல்.

6, 7, 8 வகுப்புகள்: இடர், பாதிப்புக்குள்ளாகும் நிலை, திறன் ஆகிய மூன்று நிரல்களில் தம் ஊரைப் பட்டியலிடுதல். மழையளவைக் கொண்டு நீரின் அளவைக் கணக்கிடுதல்.

9, 10 வகுப்புகள்: ஒகாவா, கமாய்ஷி நிகழ்வுகளை ஒப்பிட்டு விவாதித்தல். பள்ளித் திட்டத்தைப் படித்து, விடுபட்டவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கடிதமாக எழுதுதல்.

அனைவரும் மனப்பாடமாக அறிய வேண்டிய எண்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, குழந்தைகள் உதவி 1098.